கலயம் யார் கையில்?

கள் மறுபடியும் மேடைக்கு வந்திருக்கிறது. 2025 ஜூன் 15ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கொங்குப் பகுதியில் விவசாயிகளின் கள் இயக்கம் நடந்துவருகிறது. கள் போதைப்பொருள் இல்லை, உணவு என்கிறார்கள். சங்ககாலத்துச் சொத்து, தமிழன் மரபு என்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் வந்து கேட்கிறார்கள்: "தோழர், இதுல நாம எந்தப் பக்கம்?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் கள்ளை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. 1987க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டாஸ்மாக் பிராந்திதான்.

மரபு பேசுகிறவர்கள் கள்ளின் இனிப்பைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். இறக்கியவன் எந்தத் தெருவில் குடியிருந்தான், குடித்தவன் எந்தப் பாத்திரத்தில் குடித்தான் என்று மட்டும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்துக் கள்ளுக்கடையைப் பற்றி அப்பா சொல்வார்: "ஊர்க்காரவுகளுக்குப் பட்டை, நமக்குச் சிரட்டை." பட்டை என்றால் பனையோலையை மடித்துக் கட்டிய குவளை. ஒருதரம் குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற ஓலையில்கூட நமக்குப் பங்கில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை என்று எழுதினோம், போராடினோம், வழக்குப் போட்டோம். கள்ளுக்கடையின் இரட்டைக் குவளையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதை எழுதாமல் கள்ளை மரபு என்று கொண்டாட என்னால் முடியாது. அதே சமயம், 'குடி கெட்டது' என்று காந்திக்குல்லாய் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போகவும் முடியாது. அந்தக் குல்லாய் நம் தலையில் எப்படி வைக்கப்பட்டது என்பதை இந்த மதுரைதான் பார்த்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தை பிறந்தால் பனையில் பாளை தள்ள ஆரம்பிக்கும். ஆண் பனையை அலகு என்பார்கள், பெண் பனையைப் பருவப்பனை என்பார்கள். இரண்டிலும் கள் உண்டு. பாளையைக் கயிற்றால் கட்டி, கடிப்பு என்கிற மரக்கிட்டியால் இதமாக நசுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் அழுத்திச் சீவினால் பாளை வீண், கொஞ்சம் குறைந்தால் நீர் ஊறாது. ஐம்பது அறுபது அடி உயரத்தில், காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது. ஒரே ஆள் ஒரு நாளைக்கு 30, 40 மரம், காலையும் மாலையும் ஏறி இறங்குவார். தவறி விழுந்தால் அவ்வளவுதான். விழுந்து செத்தவர்கள், இடுப்பு ஒடிந்து கிடக்கிறவர்கள் பனை இருக்கிற எல்லா ஊரிலும் உண்டு. மேடையில் மரபு பேசுகிறவர்கள் ஒரு மரம் ஏறினார்கள், அதுவும் ஏணி கட்டி என்றால், அந்த அளவுக்கு மரபு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள். இடையில் வேறு வித்தை ஒன்றும் இல்லை. காற்றிலும் பானைச் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட் நுண்ணுயிரி சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. விடியற்காலையில் இறக்கியது இனிக்கும், மதியத்துக்கு நுரைக்கும், பொழுது சாயப் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். நல்ல பனங்கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு நாலு ஐந்து பங்குதான் இருக்கும். டாஸ்மாக் பிராந்தியில் 42.8. இந்த இரண்டு எண்ணையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: கள்ளைப் புட்டியில் அடைத்து ஆறு மாதம் குடோனில் வைக்க முடியாது. லாரியில் ஏற்றிச் சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்ப முடியாது. இறக்கின ஊரிலேயே, அன்றைக்கே தீர்ந்துபோக வேண்டிய சரக்கு. முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் இதில் கை வைக்க வசதியில்லை. கள்ளின் குற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மரத்துக் கள் மட்டுமில்லை, அரிசியில் செய்த இனிப்பு மதுவும் இங்கே இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே சொல்லிவிடுகிறார். வலைஞர் குடியிருப்பு. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாய் அகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். முளைநெல்லை இடித்துச் செய்த அடையைப் பிசைந்து கலக்கிறார்கள். அந்த அடை பார்க்கப் புற்றுக்குள் இருக்கிற குரும்பி மாதிரி இருக்குமாம். இனிப்பு ஏறும்படி இரண்டு பகல் இரண்டு ராத்திரி விட்டு, கெட்டியான வாயுள்ள சாடியில் பக்குவமாக்கி, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். சுட்ட மீனோடு அதை விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். விருந்தாளி யார்? பாணன். யாழைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவரும் வறியவன். வீட்டில் காய்ச்சும் இந்த அரிசிக் கள்ளுக்குத் தோப்பி என்றும் பெயர் உண்டு. இன்றைக்கு ஒரு வேதியியல் மாணவர் படித்தால், முளைநெல்லில் இருக்கும் நொதி மாவைச் சர்க்கரையாக்குகிறது, பிறகு அது புளிக்கிறது என்று உடனே புரிந்துகொள்வார். பீர் செய்வதும் இப்படித்தான். மீனவர் குடிசைக்குள் பெண்கள் கையில் இந்த அறிவு இருந்தது.

அதே காலத்து மதுரை அரண்மனையில் வேறு காட்சி. யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர, தினமும் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். புறநானூறு 56ஆம் பாட்டு. இறக்குமதிச் சரக்கு மேலே, நாட்டுச் சரக்கு கீழே என்கிற பாகுபாட்டின் விதை அங்கேயே கிடக்கிறதா என்று நான் யோசிப்பதுண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மதுரைக்காஞ்சி இந்த நகரத்துத் தெருக்களில் பறந்த கொடிகளைச் சொல்லும்போது கள் விற்கிற இடத்துக் கொடியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கோயில் கொடி, வெற்றிக் கொடியோடு அதுவும் ஒரு கொடி. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. ஔவை தன் பாட்டில், அதியமான் கொஞ்சம் கள் கிடைத்தாலும் தனக்குத் தந்துவிடுவான் என்று சொல்லி அழுகிறாள். நம் பாடநூல்களில் ஔவைக்கு நெல்லிக்கனி மட்டும்தான் கொடுக்கிறார்கள், கள்ளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பாணனும், புறநானூறு 335ஆம் பாட்டு சொல்லும் துடியனும் பறையனும் கடம்பனும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குடித்த பண்டமும் அவர்களோடு சேர்ந்தே கீழே இறக்கப்பட்டது. மாட்டுக்கறிக்கு நடந்தது கள்ளுக்கும் நடந்தது. தீட்டு பண்டத்தில் இல்லை, தொட்ட ஆளின் மேல் எழுதப்பட்டது. பண்டம் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது.

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரையில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றம் போய், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் நடந்தது. மூன்று இடத்திலும் நாடார்கள் தோற்றார்கள். அவர்களை உள்ளே விடக்கூடாது என்பதற்கு அடுக்கப்பட்ட காரணங்களில் பரம்பரையாகக் கள் இறக்குகிறவர்கள் என்பது முக்கியமானது. லண்டனில் உட்கார்ந்து விஸ்கி குடித்த நீதிமான்கள், கமுதிப் பனையில் கள் இறக்கினவன் சாமி கும்பிடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சமூகம் பனையைவிட்டு இறங்கி, உறவின்முறை கட்டி, வியாபாரம் செய்து, பள்ளிக்கூடம் வைத்து மேலே வந்தது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மேலே வந்ததற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று, கள்ளை மறப்பது. மேலே வந்த பிறகு நம்மை எப்படி நடத்தினார்கள், நடத்துகிறார்கள் என்பது வேறு கணக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இனி அந்தக் குல்லாய். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத அய்யர் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் ஒரு நாடாரையும் அழைத்துப் போனார். பெரிய நாள்தான், மறுக்கவில்லை. அய்யர் தமிழ்நாடு அரிசன சேவா சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கம் சேரிகளில் என்ன சொன்னது? குளி, மாட்டுக்கறியை விடு, கள்ளை விடு. அடுத்தவன் வீட்டு வாசலில் நிற்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் உன் வீட்டுப் பானையைக் கவிழ் என்றது. கோயில் கதவுக்கு டிக்கெட் மாதிரி ஆனது மதுவிலக்கு. குடிக்கிற அய்யரையோ முதலியாரையோ நிறுத்தி ஊதச்சொல்லி யாரும் கோயிலுக்குள் விட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் இதே நேரத்தில் வந்ததுதான். ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரியைப் போட்டார்கள். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அதற்குமுன் வெள்ளைக்காரன் 1886 அப்காரி சட்டத்தில் மரத்துக்கு வரி போட்டு, கடையைக் குத்தகைக்கு விட்டுச் சம்பாதித்தான். குத்தகை எடுத்தவர்கள் பணக்காரர்கள். மரம் ஏறினவர்களும் குடித்தவர்களும் ஏழைகள். ஆக, கள் காசானபோது லாபம் மேலே போனது, கள் குற்றமானபோது சிறை கீழே வந்தது. பெரியாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1921இல் காங்கிரசில் இருந்தபோது சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பிலிருந்த 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர், பிற்காலத்தில் மதுவிலக்கு என்பதே உதவாத திட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார். முதல் பாதியை எல்லோரும் சொல்வார்கள், இரண்டாவது பாதியைத் திராவிடக் கட்சிக்காரர்களே சொல்வதில்லை.

அப்புறம் நடந்தது கண்ணாமூச்சி. 1971இல் கலைஞர் ஆட்சி கடைகளைத் திறந்தது, 1974இல் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் கழகம் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. சீமைச் சரக்கு என்று சொல்லப்படும் இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது மட்டும் மிஞ்சியது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். கரும்பாலைக் கழிவுப்பாகில் இறக்கிய சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்துப் பிராந்தி என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அதற்கு ஆலை வேண்டும், உரிமம் வேண்டும், மேலிடத்தில் ஆள் வேண்டும். பனைமரத்துக்கு இது ஒன்றும் வேண்டாம். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். மாநில மரத்தில் வடிகிறதை இறக்கினால் மாநிலப் போலீஸ் பிடிக்கும்.

இந்த இடத்தில் மதுரை வீரனைப் பேசாமல் போகமுடியாது. மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலில் அவன் நிற்கிறான். சக்கிலியத் தாய் தகப்பன் வளர்த்த பிள்ளை. பொம்மியையும் வெள்ளையம்மாளையும் காதலித்ததற்கு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காசிராசன் பெற்ற பிள்ளை என்று கதையில் ஒட்டப்பட்டிருப்பதை நம் அருந்ததியத் தோழர்கள் ஏற்கெனவே கிழித்துப்போட்டுவிட்டார்கள். ஊருக்கு ஊர் அவனுக்குப் படையல் கறியும் சுருட்டும் கள்ளும் சாராயமும். 1956இல் மதுரை வீரனாகத் திரையில் நடித்தவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் மதுரை வீரனின் கள் சட்டவிரோதமானது. இப்போது பூசாரி டாஸ்மாக் குவார்ட்டரைத் திறந்து வீரன் காலடியில் ஊற்றுகிறார். மூடியில் அரசு ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறது. அரசு முத்திரை இல்லாத படையலை வீரனுக்கு வைத்தால் கேஸ்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கிறித்தவத் தேவாலயத்தில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்கு மதுவிலக்குக் காலத்திலும் அனுமதி உண்டு, அதற்கென்று விதிகள் உண்டு. நல்லது, இருக்கட்டும். நம் சனங்கள் எத்தனையோ பேர் அந்தக் கோயிலில்தான் மண்டியிடுகிறார்கள், அங்கேயும் கல்லறைச் சுவரும் தனி வரிசையும் பார்த்தவர்கள் அவர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு சாமியின் இனிப்பு மதுவை வழிபாடு என்று புரிந்துகொள்கிற சட்டத்துக்கு, இன்னொரு சாமியின் மதுவை ஏன் புரிந்துகொள்ள முடியவில்லை? கருப்பனுக்கும் வீரனுக்கும் முனிக்கும் ஆகமம் கிடையாது, மடம் கிடையாது, கோர்ட்டுக்குப் போக ஆதீனம் கிடையாது. 2003இல் ஆடு கோழி வெட்டக்கூடாது என்று 1950ஆம் வருசத்துச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சனங்கள் கோபப்பட்டார்கள், 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆட்டுக்கு ஓட்டு இருந்தது. கள்ளுக்கு இன்னும் வரவில்லை.

அரசியல் நிர்ணய சபையிலேயே ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாக்கும் பிரிவு, இன்றைய 47ஆவது பிரிவு, 1948 நவம்பர் 24இல் விவாதத்துக்கு வந்தபோது ஜார்க்கண்டு ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். ஆதிவாசிகளின் சடங்குகளில் அரிசி மது இல்லாமல் எதுவும் நடக்காது, எங்கள் மத உரிமையில் கை வைக்கிறீர்கள் என்றார். அரிசி மது இல்லையென்றால் வங்காளத்தில் சந்தால் சனங்களை வைத்து நாற்று நடவே முடியாது என்றும் சொன்னார். அவர் பேசியது சபையில் எடுபடவில்லை. பெரும்பாணாற்றுப்படையின் மீனவப் பெண் காய்ச்சியதற்கும் ஜெய்பால் சிங் காப்பாற்ற நினைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம்முடையது ஏட்டில் தங்கிவிட்டது, அவர்களுடையது இன்னும் பானையில் இருக்கிறது. இன்று மத்தியப்பிரதேச அரசு ஆதிவாசிகளின் இலுப்பைப்பூ மதுவைப் பாரம்பரிய மது என்று அங்கீகரித்திருக்கிறது, கோவா தன் முந்திரிப்பழ பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு வாங்கியது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் தொழில், இந்தப் பக்கம் குற்றம்.

இதுவரை படித்தவர்கள், ஆசிரியர் கள் கட்சிதான் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

சாவு வீட்டுக்கு வாருங்கள். நம் ஆள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். ஊர்க்காரர் வருகிறார், முதலில் கையில் கொடுப்பது பாட்டில். "குடிச்சிட்டு நல்லா அடிங்கடா." ராத்திரி முழுக்க அடித்து, விடிந்து கூலி கேட்டால், "குடிச்சதுக்கே சரியாப் போச்சு." பழைய நாளில் இந்தப் பாட்டிலின் இடத்தில் கள்ளு மொந்தை இருந்தது. அறுப்புக் களத்திலும் அப்படித்தான், திருவிழாவிலும் அப்படித்தான். வேலையை வாங்குவதற்கும், கூலியைக் குறைப்பதற்கும், அவமானம் உறைக்காமல் இருப்பதற்கும் ஆண்டைகள் ஊற்றிக் கொடுத்ததும் இதே கள்தான். இதை மறந்துவிட்டு 'கள் எங்கள் எதிர்க்கலாச்சாரம்' என்று எழுதுவது மாட்டுக்கறியையும் கள்ளையும் ஒரே தட்டில் வைக்கிற தப்பு. 1993இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' வந்த அந்தப் பத்தாண்டில் சிற்றிதழ்களில் நடந்த விவாதங்களில் இந்தத் தப்பு உற்சாகமாகவே செய்யப்பட்டது. எழுதியவர்களில் அநேகம் பேர் ஆண்கள். அநேகம் பேர் ராத்திரி உட்கார்ந்து பேசியதைக் காலையில் எழுதியவர்கள்.

பெண்கள் என்ன சொல்கிறார்கள்? மேலூர்ப் பக்கம் ஒரு காலனியில் கூட்டம் போட்டிருந்தோம். நான் கள்ளைப் பற்றி இதே மாதிரி பேசினேன். கட்டட வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தர் ஒத்துக்கொண்டார்: "கள்ளு இருந்தப்ப ஆம்பளைக சாயங்காலம் தள்ளாடியாவது வீடு வந்து சேந்தாக. இப்பக் கடைவாசல்லயே கெடக்கானுக." உடனே அவருக்குப் பின்னால் இருந்த ஒரு வயசான அம்மா எழுந்தார். "யப்பா, கள்ளு குடிச்சவன் மட்டும் என்ன மாலை போட்டுக் கும்பிட்டானா? எங்காத்தா வாங்குன அடியெல்லாம் கள்ளு அடிதான்." கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. இதற்குப் பதில் என்னிடம் இல்லை, இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. 1992இல் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கி ஏழைப் பெண்கள் சாராயக் கடைகளை அடித்து மூடினார்கள். அவர்களில் நம் பெண்கள் நிறைய. அவர்களுக்கு முன்னால் போய் 'மரபு' என்று சொல்லிப் பாருங்கள்.

அண்ணலும் அப்படித்தான். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தம் 'தமிழன்' பத்திரிகையில் பஞ்சசீலத்தை நம் பூர்வ ஒழுக்கமாக எழுதிவந்தார். இதை வைதீக மதுவிலக்கோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அரிசன சேவா சங்கம் அவனுடைய கோயிலுக்கு நம்மைத் தகுதியாக்கக் கள்ளை விடச் சொன்னது. அண்ணல் அந்தக் கோயிலையே விட்டு வெளியேறும்போது, நம் கையும் அறிவும் நம் வசம் இருக்கவேண்டும் என்று விடச் சொன்னார். விடுவது ஒன்றுதான், யாருக்காக விடுகிறோம் என்பது வேறு. 2024 அக்டோபர் 2இல் உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மதுஒழிப்பு மகளிர் மாநாட்டை நான் இந்த வழியில்தான் பார்க்கிறேன்.

அந்த மாநாட்டுக்குப் பின்னால் ஒரு சுடுகாடு இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், பெரும்பாலும் நம் சனங்கள். டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவன் பாக்கெட் சாராயம் வாங்கினான். மெத்தனால் நாட்டு மரபில் இல்லை, ஆலையிலிருந்து வருகிற தொழிற்சாலை ரசாயனம். அது உடம்புக்குள் போய் முதலில் கண்ணைப் பிடுங்கும், பிறகு உயிரை. கள் இருந்திருந்தால் இந்தச் சாவு நடந்திருக்காது என்று கள் இயக்கத்தார் சொன்னார்கள். பாதி உண்மை. கள்ளிலும் போதைமாத்திரை கலந்து விற்ற கதை உண்டு, கலந்தவன் கடைக்காரன், மரமேறி இல்லை. விற்பனை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கள் கள்ளாக இருக்கும்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு என் பதில் இது. கள் இறக்கினதற்காக ஒரு மரமேறியைக்கூடச் சிறையில் போடக்கூடாது. பதநீர்க் கலயத்தை உடைத்து, 'சுண்ணாம்பு பத்தலை, இது கள்ளு' என்று மாமூல் கேட்கிற காவல்துறை அட்டூழியத்தை நிறுத்த வேண்டும். நாளைக்கே தடையை நீக்குவதானால் உரிமம் மரம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுக்குப் போகவேண்டும், தோப்புக்காரருக்கோ ஏலக்காரருக்கோ போகக்கூடாது. கள் இயக்க மேடைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் தோப்புக்காரர்கள் எத்தனை பேர், ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடை எங்கே என்பதை அந்தத் தெருப் பெண்களின் கூட்டம் முடிவு செய்யட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். சேரி முனையில் மட்டும் கடை வைக்கிற டாஸ்மாக் புத்தி கள்ளுக்கும் வரக்கூடாது. கடையில் எல்லோருக்கும் ஒரே பட்டை. கூலிக்குப் பதில் மதுவைக் கொடுப்பது, அது கள்ளானாலும் பிராந்தியானாலும், வன்கொடுமையாக வழக்குப் போடத்தக்கது. தாழ்த்தப்பட்டோரைத் தின்னத் தகாததைத் தின்னவைப்பதும் கூலியில்லாமல் வேலை வாங்குவதும் குற்றம் என்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. பாட்டிலைக் கொடுத்துக் கூலியை மறுப்பதை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது நம் வழக்கறிஞர் தோழர்களின் வேலை.

பறையடிக்கிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடைக் கலையாகப் பறை வந்த பிறகு, குடிக்காமல் அடிப்போம், கூலியைப் பணமாக, பேசினபடி, முன்னாடியே வாங்குவோம் என்று முடிவெடுத்த குழுக்கள் இருக்கின்றன. சாவுக்குப் போகமாட்டோம் என்று தீர்மானித்த ஊர்களும் இருக்கின்றன, அதற்காக அடிபட்ட ஊர்களும் இருக்கின்றன. அந்தத் தீர்மானங்கள்தான் நம் மதுவிலக்கு. அரசாங்கத்து மதுவிலக்கோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

கள் மரபைப் பற்றி எழுதக்கூடிய கடைசித் தலைமுறை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இப்போது 70, 80 வயசில் இருக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தோழர்கள் ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் ஊர்க் கள்ளுக்கடை எந்தத் தெருவில் இருந்தது, குத்தகை யார் எடுத்தார், மரம் யாருடையது, ஏறினது யார், யாருக்குப் பட்டை, யாருக்குச் சிரட்டை? பெண்கள் குடித்தார்களா, வீட்டில் ஏதாவது காய்ச்சினார்களா? சாமிக்கு என்ன படைத்தார்கள், இப்போது என்ன படைக்கிறார்கள்? போலீஸ் யாரைப் பிடித்துப் போனது? பாட்டிகளிடம் தனியாகக் கேளுங்கள், தாத்தாக்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டார்கள். சொன்ன வார்த்தையை மாற்றாமல், பேச்சு நடையிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழின் பாதிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.